"ஏசி இருக்கா?" என்பதற்கு அடுத்த கேள்வி: டெல்லி வெயிலில் க்ரெஷ் குழந்தைகள்

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு ஒன்றரை வயது, பையனுக்கு ஐந்து. மே இரண்டாம் வாரத்திலிருந்து பள்ளிக்கு விடுமுறை. அப்பா, அம்மா இருவருக்கும் அலுவலகம் உண்டு. அதனால் இரண்டு பேரையும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறரை வரை பக்கத்து க்ரெஷில், அதாவது பகல்நேரக் குழந்தைக் காப்பகத்தில், விடுகிறார்கள். போன வாரம் வெளியே 45 டிகிரி. சின்னவள் வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிட்டாள்; ராத்திரி எட்டு மணி வரை டயபர் காய்ந்தே இருந்தது. க்ரெஷில் கேட்டால், "ஏசி ஓடுதே, ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். "இடத்தை மாத்தணுமா, இல்ல நான்தான் ரொம்பப் பயப்படறேனா?"

பயம் நியாயமானதுதான். ஆனால் இடத்தை மாற்றும் முன் அங்கே போய்ச் சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. டெல்லியில் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது க்ரெஷ்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தீதிகளுக்கு, அதாவது அக்காமார்களுக்கு, பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சேர்க்க வரும் பெற்றோர் எல்லோரும் தவறாமல் கேட்பது "ஏசி இருக்கா?" என்றுதான். நடத்துகிறவர்களும் அதற்கு ஆமாம் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். கேட்க வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: ஏசி நின்றால் என்ன செய்வீர்கள்? குழந்தைகளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடைவெளிகளில்தான். கரண்ட் போன ஒன்றரை மணி நேரம், வேனில் காத்திருந்த இருபது நிமிடம், "தூங்கறா, தூங்கட்டும்" என்று யாரும் எழுப்பாமல் விட்ட மதியம்.

முதலில் அந்தக் காய்ந்த டயபர். ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீரே போகவில்லை என்றால் உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கூடவே உதடு, நாக்கு வறண்டிருப்பது, அழுதால் கண்ணீர் வராதது, போகும் கொஞ்சமும் அடர் மஞ்சளாக இருப்பது, கைக்குழந்தையானால் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருப்பது எல்லாம் பார்க்க வேண்டும். உங்கள் பெண் எழுந்து தண்ணீர் குடித்து, விளையாடி, பிறகு சிறுநீர் போனாள் என்றால் அன்றைக்குத் தப்பித்தது. எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடந்தால் அது வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஏசி அறையில் இருந்த குழந்தைக்கு எப்படி நீர் குறையும் என்று நினைக்கலாம். வேர்க்காத குழந்தை தண்ணீர் கேட்காது, கேட்காத குழந்தைக்கு யாரும் கொடுப்பதில்லை. மே மாத டெல்லிக் காற்றில் ஈரமே கிடையாது. ஏசி மிச்சம் இருப்பதையும் உறிஞ்சிவிடும். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீர் போய்க்கொண்டே இருக்கும், துணி நனையாததால் கண்ணுக்குத் தெரியாது. எடைக்கு ஏற்பப் பார்த்தால் குழந்தையின் தோல் பரப்பு நம்மைவிட அதிகம், அதனால் வெளிச்சூட்டையும் வேகமாக வாங்கிக்கொள்ளும். ஓடியாடும்போது கிலோவுக்கு நம்மைவிட அதிகச் சூட்டை உண்டாக்கும்; வியர்த்து ஆற்றிக்கொள்ளும் திறன் மட்டும் குறைவு. "தலை சுத்துது" என்று சொல்லவும் தெரியாது.

"தண்ணி கொடுக்கறீங்களா?" என்று கேட்காதீர்கள். "கேட்டா கொடுக்கறோம்" என்று பதில் வரும், அது போதாது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்கு, பாலிலும் சாப்பாட்டிலும் உள்ளதையும் சேர்த்து நாளைக்குச் சுமார் 1.3 லிட்டர் நீர் வேண்டும். நான்கிலிருந்து எட்டு வயதுக்கு 1.7 லிட்டர். இது சாதாரண நாள் கணக்கு, வெயில் நாளில் கூடும். ஒரே மூச்சில் குடிக்கிற வயதல்ல. அரை மணிக்கொரு தரம் நாலு வாய். லக்ஷ்மி நகர்ப் பக்கம் ஒரு க்ரெஷில் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'பானி' (தண்ணீர்), 'சூசூ' (சிறுநீர்) என்று இரண்டு கட்டம். அங்கிருக்கும் தீதி அதிகம் எழுதமாட்டார், பென்சிலால் கோடு கிழிப்பார். குடித்தால் ஒரு கோடு, போனால் ஒரு கோடு. மதியம் ஒரு மணிக்கு 'சூசூ' கட்டத்தில் கோடு இல்லாத பெயரைத் தேடி, அந்தக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்து டம்ளரைப் பிடிப்பார். நான் பார்த்த வெயில் ஏற்பாடுகளில் இதைவிட உருப்படியானது இல்லை. உங்கள் க்ரெஷிலும் இப்படி ஒரு அட்டை மாட்டச் சொல்லுங்கள். மாலையில் கூட்டிவரும்போது அதைப் பாருங்கள்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எவ்வளவு வெயிலானாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலோ புட்டிப்பாலோ அடிக்கடி கொடுத்தால் போதும். பீய்ச்சி எடுத்த பாலை ஐஸ் பையில் வைத்துக் கொடுத்துவிட்டு, போனதும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள். அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்று படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது.

ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றி ஒரு வார்த்தை. க்ரெஷ் அலமாரியில் இருக்க வேண்டியது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த பொடிப் பாக்கெட்: முழுப் பாக்கெட்டையும் அதன்மேல் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்) கரைத்து, 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். அட்டைப் பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையோடு வருபவற்றில் பல வெறும் சர்க்கரைத் தண்ணீர். அவற்றின்மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டது. வயிற்றுப்போக்கு இருக்கும்போது அந்தச் சர்க்கரை பேதியைக் கூட்டிவிடும். வெறும் தாகத்துக்கு ஓ.ஆர்.எஸ். தேவையே இல்லை, தண்ணீர், நீர்மோர், தர்பூசணி போதும். ஒரு வயது ஆகாத குழந்தையின் மோரில் உப்பும் வேண்டாம்.

இனி ஏசி நிற்கும் நேரம். இன்வெர்ட்டர் இருக்கிறது என்பார்கள். பெரும்பாலான இன்வெர்ட்டர் மின்விசிறியையும் விளக்கையும் ஓட்டும், ஏசியை ஓட்டாது. எத்தனை நிமிடத்தில் அறை சூடேறும் என்பது அது எந்த மாடி என்பதைப் பொறுத்தது. டெல்லியில் வாடகை மலிவு என்று பர்சாதியில், அதாவது மொட்டைமாடியை ஒட்டிய மேல்தளத்தில், க்ரெஷ் வைப்பது சகஜம். மதியம் முழுக்கக் கூரை வாங்கிய வெயில் சாயங்காலம் வரை உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். 2010-இல் அகமதாபாத் வெயிலில் ஷார்தாபென் மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்தளத்தில் இருந்தது. சூட்டினால் ஏற்பட்ட காய்ச்சலோடு பச்சிளங்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீவிர சிகிச்சைக்குப் போயின. வார்டைக் கீழ்தளத்துக்கு மாற்றிய பிறகு அப்படிப்பட்ட சேர்க்கை பாதிக்கும் கீழே இறங்கியது. மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை, மாடியை மாற்றினார்கள். அந்த ஊர் 2013-இல் நாட்டிலேயே முதலாவதாக வெயில் செயல்திட்டம் போட்டதற்கும் 2010-தான் காரணம்.

ஆகவே உங்கள் க்ரெஷ் மேல்தளத்தில் இருந்தால், கரண்ட் போனால் குழந்தைகளைக் கீழே எங்கே கூட்டிப்போவார்கள் என்று கேளுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் பேசி வைத்திருக்கிறார்களா? மொட்டைமாடிக்குச் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்திருக்கிறார்களா? மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்பு இருக்கிறதா? உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே உள்ளே வந்தாயிற்று என்று அர்த்தம். சுவரில் ஒரு வெப்பமானி வேண்டும். சில நூறு ரூபாய்தான். அதைக் குழந்தையின் உயரத்தில், ஏசிக்கு எதிரே இல்லாமல் மாட்ட வேண்டும். ஏசிப் பெட்டி காட்டும் எண் நாம் கேட்டது, அறையில் இருப்பது அல்ல. 24-லிருந்து 26 வரை வைத்தால் போதும். 18-இல் வைத்து உறைய வைத்துவிட்டு வெளியே 44-க்குத் தூக்கிக்கொண்டு போவதில் லாபம் இல்லை.

டெல்லிக்கே உரிய ஒரு தொல்லை மாடித் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மதியம் ஒரு மணிக்கு மேல் குழாயைத் திறந்தால் ரசம் வைக்கலாம் போல வரும். அவசரத்தில் குழந்தைக்குக் கால் கழுவிவிடுகிறவர்கள் கையை நீட்டிப் பார்ப்பதில்லை. காலையிலேயே இரண்டு வாளி பிடித்து உள்ளே நிழலில் மூடிவைக்கச் சொல்லுங்கள். கழுவவும் அதுதான், ஆபத்து நேரத்தில் உடம்பை நனைக்கவும் அதுதான். மூடி அவசியம், தவழும் குழந்தைக்கு வாளியே கிணறு.

விளையாட்டை வெட்ட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். க்ரெஷுக்கு விடும் முன், காலை எட்டரைக்குள் பார்க்கில் வேப்பமரத்தடியில் ஓடட்டும். பதினொன்றிலிருந்து ஐந்து வரை வெளியே வேண்டாம். டெல்லியில் உச்ச வெப்பம் நண்பகலில் வருவதில்லை, மூன்று, நான்கு மணிக்கு வருகிறது. இரும்புச் சறுக்கு, ரப்பர் தரை, செயற்கைப் புல் எல்லாம் காற்றைவிட மிக அதிகமாகச் சுடும்; புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியவில்லை என்றால் குழந்தைக்கு அது வேண்டாம். தள்ளுவண்டியின்மேல் வெயில்படாமல் துப்பட்டாவை முழுக்கப் போர்த்துகிறவர்களைப் பார்க்கிறேன். உள்ளே காற்று நின்று, வெளியைவிடச் சூடாகிவிடும்.

ஐந்து வயதுப் பையன் வேனில் போய்வருகிறான் என்றால் இதைக் கவனியுங்கள். மூடி நிறுத்திய வண்டிக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே பத்து டிகிரி வரை ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ண வேண்டும். டிரைவர் கடைசி சீட் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். வராத குழந்தையின் வீட்டுக்குப் பத்து நிமிடத்துக்குள் போன் போக வேண்டும். மறந்துபோய் வண்டியிலேயே விட்டுவிட்ட அப்பாக்களுக்கும் அந்த போன்தான் காப்பு.

சரி, ஏசியே இல்லாத க்ரெஷ்? திரிலோக்புரி, தக்ஷிண்புரி பக்கம் நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் வீட்டுவேலைக்குப் போகிறார்கள். அவர்கள் பிள்ளைகள் இருக்கும் அறையில் மின்விசிறியும் மிஞ்சினால் ஒரு கூலரும்தான் (நனைந்த தட்டி வழியே காற்றை இழுத்து வீசும் பெட்டி). 1969-இல் ராஜ்காட் கட்டுமானத் தளத்தில் கூடாரம் போட்டு மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் க்ரெஷஸ் என்ற தொண்டு அமைப்பின் காலத்திலிருந்து, டெல்லியில் எத்தனையோ குழந்தைகளின் பராமரிப்பு இப்படித்தான் நடக்கிறது. அங்கே மே மாதம் கைகொடுப்பது ஈரம். காற்று வறண்டிருப்பதால் கூலர் நன்றாக வேலை செய்யும், ஒரு நிபந்தனையோடு: எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் கூலர் ஓட்டினால் அரை மணியில் உள்ளே புழுக்கம்தான். வெளியே 40-க்கு மேல் போனபின் வெறும் மின்விசிறி சுடுகாற்றைத்தான் வீசும். குழந்தையின் கை, கால், கழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள், அப்போது குளிரும். கூலருக்கு எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். தகரப் பெட்டி, தண்ணீர், ஈரக்கையோடு குழந்தை. குறுக்கே ஒரு தடுப்பு இல்லாமல் கூலரை வைக்கவே கூடாது.

வீட்டிலிருந்து நாம் செய்தனுப்பும் தவறுகளும் உண்டு. மே மாதத்தில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, மேலே பவுடர் கொட்டி அனுப்புகிற பாட்டிமார்களோடு எனக்குத் தீராத வழக்கு. வியர்வைத் துளை அடைத்து வேர்க்குரு வரும், அதற்கு இன்னும் பவுடர் போடுவார்கள். பருத்திச் சட்டை ஒன்று, மெல்லியதாக, தொளதொளவென்று இருந்தால் போதும். சளிக்கு என்று தூக்கம் வரவழைக்கும் சிரப் கொடுத்திருந்தால் க்ரெஷில் சொல்லுங்கள். அவற்றில் சில வியர்வையைக் குறைக்கும், தூக்கமும் நம்மை ஏமாற்றும். பேதியோடு, காய்ச்சலோடு அந்த வாரம் அனுப்பவே வேண்டாம்.

முந்தின இரவையும் சொல்லுங்கள். 2024 மே மாதம் டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. அந்தக் கருவி சுமார் மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்று வானிலைத் துறை பிறகு சொன்னது யாருக்கும் நினைவில் இல்லை. எனக்கு அதைவிடக் கவலையளித்தது ஜூன் நடுவில் டெல்லியின் முக்கிய வானிலை நிலையமான சப்தர்ஜங்கில் பதிவான இரவு வெப்பம்: குறைந்தபட்சமே 35-ஐத் தாண்டியது. அப்படி ஓர் இரவில் கரண்டும் போய், தூங்காமல் வேர்த்து எழுந்த குழந்தை, காலை ஒன்பது மணிக்கே பாதி வறண்டுதான் க்ரெஷுக்குள் நுழைகிறது. "ராத்திரி சரியா தூங்கல, காலைல ஒரு தடவைதான் போனா" என்ற ஒரு வாக்கியம் தீதிக்குப் போதும். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்த குழந்தை, மலைப்பக்கம் போய்த் திரும்பிய குழந்தை என்றாலும் சொல்லுங்கள். உடம்பு இந்த வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

இப்போது முன்பு தள்ளி வைத்தது. குழந்தை பேச்சுக்குப் பதில் சொல்லாமல் குழம்பினால், எழுப்ப முடியாமல் போனால், வலிப்பு வந்தால், உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்தால் அது வெப்ப அதிர்ச்சி (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தோல் வறண்டிருந்தால்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வியர்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கும் வரும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, அதை ஊட்டி நேரத்தைத் தொலைக்கக் கூடாது. ஒருவர் 112-க்கோ 102-க்கோ போன் செய்யும்போதே இன்னொருவர் சட்டையைக் கழற்றி, அந்த மூடிவைத்த வாளித் தண்ணீரைத் தலை முதல் கால் வரை ஊற்றி, விசிறியைத் திருப்பி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய ஐஸ் வைக்க வேண்டும். நினைவில்லாத குழந்தையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. ஆம்புலன்சிலும் நனைப்பது நிற்கக் கூடாது. 2024-இல் ராம் மனோகர் லோஹியா மருத்துவமனையில் வெப்ப அதிர்ச்சிக்கென்று தனிப் பிரிவு திறந்தபோது அங்கே வைத்ததும் குளிர்நீர்த் தொட்டியும் ஐஸும்தான். அதே வைத்தியத்தின் முதல் பத்து நிமிடம் க்ரெஷ் குளியலறையில் நடந்தாக வேண்டும். உங்கள் பக்கத்துக்கு கீதா காலனியின் சாச்சா நேரு குழந்தைகள் மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. மத்திய டெல்லியில் இருப்பவர்களுக்குக் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனை. எங்கே போவது என்பதை அந்த நேரத்தில் கூகுளில் தேடாமல், இன்றைக்கே சுவரில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் செய்யப்போகிறவர் அந்தத் தீதி. அலுவலக க்ரெஷ்களுக்கு 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் இருக்க வேண்டும். விடுமுறையில் பெரிய பிள்ளைகளும் வந்து சேர, அதே இரண்டு பேர் இருபது பேரைப் பார்க்கிறார்கள். உங்கள் பெண்ணின் டயபர் கவனிக்கப்படாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இப்போது எத்தனை குழந்தைகள், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். தீதி தண்ணீர் குடித்தாரா, மதியம் அரை மணி உட்கார்ந்தாரா என்றும் விசாரியுங்கள். ஏசியில்லாத சமையலறையில் நின்று கிச்சடி கிளறிவிட்டு வருகிறவருக்கே தலை சுற்றினால் யாருடைய முகத்தை அவர் கவனிப்பார்?

இடத்தை மாற்றும் கேள்விக்கு வருகிறேன். அட்டை மாட்டுகிறோம், வெப்பமானி வாங்குகிறோம், கீழ்வீட்டில் பேசுகிறோம் என்று ஒரு வாரத்துக்குள் செய்தார்களானால் அங்கேயே விடுங்கள். கேட்டதும் காது கொடுக்கிற க்ரெஷ் கிடைப்பது அரிது, பழகிய முகத்தை விட்டுப் பிரிப்பதும் ஒன்றரை வயதுக்குச் சுலபமல்ல. மறுபடியும் "ஒண்ணும் ஆகாது" என்றுதான் பதில் வந்தால் மாற்றுங்கள். அதுவரை வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடும் நாட்களில் உங்களில் ஒருவர் ஐந்து மணிக்கே கூட்டிவர முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மதியம் ஒரு போன் போட்டு "சூசூ போனாளா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஜூன் கடைசியில் காற்றில் ஈரம் ஏறியதும் இதில் சிலது தலைகீழாகும். வெப்பமானி 36 காட்டும், ஆனால் வியர்வை காயாது. ஈரத்துணியும் கூலரும் பலன் தராது, புழுக்கத்தைத்தான் கூட்டும். அப்போது காற்றோட்டமும் ஏசியும்தான் வழி, ஓட்டத்தை இன்னும் குறைக்க வேண்டும், தண்ணீர் அட்டை அப்படியே தொடரட்டும். நிறுத்திய கூலரில் தண்ணீரை விட்டுவைக்க வேண்டாம். கொட்டி, தேய்த்துத் துடைத்து, காயப்போடச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருந்தாலும் வாரம் ஒரு தடவை இதைச் செய்யாவிட்டால் டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும்.